பாப்பா தூங்கியாச்சு... ஊசியை எடு!

திருமுல்லைவாயில் அம்மாக்களின் கைவேலையும் கணக்கில் வராத மணி நேரங்களும்

மதியம் ஒன்றே முக்கால். குக்கர் அடங்கிவிட்டது. கூடத்தில் கட்டியிருக்கும் தூளியிலிருந்து ஒரு குட்டிக் கால் மட்டும் வெளியே தொங்குகிறது. அந்தக் கால் ஆடுவது நின்றால்தான் வேலை ஆரம்பம். நிற்கிறது. இன்னும் பத்து எண்ணும் வரை பொறுத்துவிட்டு, அம்மா தூளிக் கயிற்றைக் கையிலிருந்து நழுவ விடுகிறார். பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கும் மரச்சட்டத்தை ஓசைப்படாமல் எடுத்து, கட்டில் விளிம்புக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலுக்கும் நடுவே பாலம் மாதிரி வைக்கிறார். சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பது மாம்பழ மஞ்சள் பட்டுத் துணி. அதில் பாதித் தோகையோடு ஒரு மயில்.

வலது கை மேலே, ஊசியோடு. இடது கை துணிக்கு அடியில், நூலோடு. ஆரி ஊசியின் முனையில் கண்ணுக்கே தெரியாத ஒரு கொக்கி. அது துணிக்குள் இறங்கி, அடியில் காத்திருக்கும் ஜரிகை நூலைக் கவ்விக்கொண்டு மேலே வரும், மறுபடி இறங்கும். டக், டக், டக். சங்கிலி சங்கிலியாகத் தையல் ஓடுகிறது. கீழே இருக்கும் கையை அவர் பார்ப்பதே இல்லை. கண் மயில் மேல், காது தூளி மேல்.

மூன்று இருபதுக்கு ஸ்கூல் வேன் வரும். யூகேஜி படிக்கும் பெரியவன் இறங்கிய நொடியில் இந்தப் பாலம் இடிந்துவிடும். அதற்குள் 95 நிமிடம்.

இந்த வீடு எங்கள் கீழ்வீடு. இந்தப் பெண்ணின் பெயரைப் போடவில்லை. அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "போட்டீங்கன்னா பொட்டிக் மேடம் ஆர்டர் குடுக்க மாட்டாங்கக்கா."

முல்லைக்கொடி ஊரில்...

திருமுல்லைவாயில் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாசிலாமணீஸ்வரர் கோயில் நினைவுக்கு வரும். சுந்தரர் பாடிய தலம். தொண்டைமான் மன்னனின் யானைக் கால் முல்லைக்கொடியில் சிக்கிக்கொள்ள, அவன் வாளால் கொடியை வெட்டப்போய், அடியிலிருந்து ரத்தம் பீறிட்டு லிங்கம் வெளிப்பட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. கருவறைக்கு முன்னால் நிற்கும் வெள்ளெருக்குத் தூண்களைக் காட்டாமல் எந்த உள்ளூர்க்காரரும் விருந்தாளியைத் திருப்பி அனுப்ப மாட்டார். வெள்ளிக்கிழமையோடு சேர்ந்து பௌர்ணமி வந்துவிட்டால் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் இங்கே கொடியிடையம்மன் என்று மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் பார்க்கும் கூட்டம் தெருவை அடைத்துவிடும்.

கோயிலைத் தாண்டினால் ஊரின் முகமே வேறு. அம்பத்தூருக்கும் அண்ணனூருக்கும் நடுவில் ஒரு ரயில் நிலையம். 2019-லிருந்து மாநகராட்சியாகிவிட்ட ஆவடியின் ஒரு பகுதி. ஒரு பக்கம் 1960-களில் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் ஆவடி டேங்க் ஃபேக்டரி. தாத்தா, அப்பா, கணவர் என்று மூன்று தலைமுறையாக ஷிஃப்ட் பார்த்து வாழும் குடும்பங்கள் இங்கே அதிகம். சிட்கோவின் மகளிர் தொழிற்பேட்டை இருப்பதும் இதே ஊரில்தான். ஆனால் இந்த ஊரில் பெண்கள் செய்யும் தொழிலில் ஒரு பெரும்பகுதி அந்தப் பேட்டைக்குள் இல்லை. கட்டில் விளிம்பில், சமையல் மேடையின் ஓரத்தில், மொட்டை மாடிப் படிக்கட்டில் இருக்கிறது.

எங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்த்தேன். ஆரி ஒர்க் செய்பவர்கள் மூன்று பேர். சில்க் த்ரெட் வளையலும் கம்மலும் செய்பவர் ஒருவர். சீர்வரிசைத் தட்டு அலங்காரமும் கொலுவுக்கு ரிட்டர்ன் கிஃப்ட்டும் செய்பவர் ஒருவர். குரோஷாவில் குழந்தைத் தொப்பி, ஷூ பின்னுபவர் ஒருவர். இவர்கள் ஆறு பேர் வீட்டிலும் பத்து வயதுக்குக் கீழே குழந்தை உண்டு. ஏழாவதாக, பேரப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே ஒயர் கூடை போடும் ஒரு பாட்டி.

அந்தப் பாட்டியிடம் கேட்டால் சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று வகை வகையாகச் சொல்வார். நடுத்தரக் கூடை ஒன்றுக்கு இரண்டு, மூன்று கட்டு ஒயர் பிடிக்கும். 2019 ஜனவரி 1 அன்று ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது; 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அதற்கெல்லாம் முன்பிருந்தே இவர் காய்கறிக்கடைக்கு ஒயர் கூடைதான் எடுத்துப் போகிறார். ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்டேன். "இந்தக் கூடைக்கு என் மூத்த பொண்ணு வயசு" என்றார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

'சும்மா இருக்கிற நேரத்துல...'

இந்தப் பெண்களைப் பற்றி எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. மாமியார் சொல்வார், கணவர் சொல்வார், ஆர்டர் கொடுக்க வருபவர் சொல்வார், சமயத்தில் அவர்களே சொல்வார்கள். "வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல செய்யறதுதானே!"

எங்கே இருக்கிறது அந்தச் சும்மா நேரம்? ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு கீழ்வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலை ஐந்தரைக்கு வாசல் தெளித்ததிலிருந்து இரவு பன்னிரண்டு பத்துக்கு விளக்கு அணைத்தது வரை எழுதினேன். ஊசி கையில் இருந்தது மதியம் 95 நிமிடம், இரவு பத்துக்கு மேல் இரண்டு மணி நேரம். மதியத்தின் அந்த 95 நிமிடத்துக்குள் மட்டும் 17 முறை எழுந்தார். தூளி அசைந்தது, பால் பாக்கெட், கேஸ் சிலிண்டர், மோட்டார் போட்டது, மோட்டார் நிறுத்தியது, பெட்ஷீட் மேல் மழைத் தூறல், மறுபடி தூளி. பதினேழு முறை எழுந்தால் பதினேழு முறை நூல் நுனியைத் தேட வேண்டும்.

மதிய நேரம் குழந்தையின் தூக்கத்திலிருந்து வருகிறது. இரவு நேரம் அம்மாவின் தூக்கத்திலிருந்து வருகிறது. இதற்குச் சும்மா என்று பெயர்.

பெட்டிச் செய்தி: யாருக்கு எத்தனை நிமிடம்?
மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். அதே வேலையில் கை கொடுக்கும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். குழந்தை, முதியோர் என்று வீட்டாரைக் கவனித்துக்கொள்வதில் பெண்களுக்கு 137 நிமிடம், ஆண்களுக்கு 75. இப்படி ஓர் ஆய்வு நாடு முழுக்க முதன்முதலில் நடந்தது 2019-ல்.

இது திருமுல்லைவாயிலில் புதிதாக முளைத்த கதையும் இல்லை. ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பக்கம் நரசாப்பூர் என்று ஓர் ஊர். அங்கே வீட்டுப் பெண்கள் குரோஷா ஊசியில் லேஸ் பின்னுவார்கள். அந்த லேஸ் கப்பலேறி வெளிநாடு போகும். ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே போய் இருந்து ஆராய்ந்து, 1982-ல் 'நரசாப்பூரின் லேஸ் பின்னுபவர்கள்' என்ற புத்தகத்தை எழுதினார். உலகச் சந்தைக்குப் பொருள் செய்பவர்களை வெறும் இல்லத்தரசிகள் என்று சொல்லிவிட்டால் அவர்கள் கூலி கேட்க மாட்டார்கள், சங்கம் வைக்க மாட்டார்கள், வியாபாரிக்கு அது எத்தனை வசதி என்பதைப் பிட்டுப் பிட்டு வைத்தார். நாற்பது வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தை எங்கள் தெருவில் உட்கார்ந்து படித்தால், லேஸ் என்று வரும் இடத்தில் எல்லாம் ஆரி என்று மாற்றிக்கொண்டால் போதும்.

மயிலின் விலை

கணக்குக்கு வருவோம். கீழ்வீட்டுப் பெண் கூச்சப்பட்டுக்கொண்டேதான் சொன்னார், நான் வற்புறுத்தித்தான் வாங்கினேன்.

மஞ்சள் பட்டு பிளவுஸ், மயில், இரண்டு கைகளிலும் முதுகிலும் வேலை. கல்யாணப் பெண்ணிடம் பொட்டிக் வாங்குவது 6,500 ரூபாய். மணி, ஜரிகை, குந்தன் கல் எல்லாம் பொட்டிக்கே கொடுத்துவிடும். கீழ்வீட்டுப் பெண்ணின் கைக்கு வருவது 1,800. நோட்டில் குறித்த நேரத்தைக் கூட்டினால் 26 மணி நேரம். மணிக்கு 69 ரூபாய். எட்டு மணி நேரம் உட்கார முடிந்தால் நாளுக்கு 552 வரும். மோசமில்லை என்று தோன்றலாம். ஆனால் அவருக்குக் கிடைப்பது நாளுக்கு மூன்றரை மணி நேரம்தான். ஒரு பிளவுஸ் முடிய எட்டு நாள்.

அதே வேலையை நேரடியாகத் தெரிந்தவர்களுக்குச் செய்துகொடுத்தால் 3,500 வாங்குகிறார். பொருள் செலவு 700 போக 2,800. மணிக்கு 108. அப்படியானால் எல்லாவற்றையும் நேரடியாகவே செய்யலாமே?

இங்கேதான் குழந்தைகள் வருகிறார்கள். நேரடி ஆர்டர் என்றால் அளவு எடுக்க, டிசைன் காட்ட, கலர் மேட்ச் பார்க்க ஆள் வீட்டுக்கு வரும். வருகிறவர் டீ குடித்துவிட்டுப் போக ஒரு மணி நேரம். நூல் வாங்கப் பாரிமுனை போக வேண்டும். திருமுல்லைவாயிலில் ரயிலேறி மூர்மார்க்கெட்டில் இறங்கி, கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கித் திரும்பினால் அரை நாள். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தையோடு அந்தத் தெருவில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், தள்ளுவண்டிக்காரர் 'ஓரம்... ஓரம்...' என்று கத்தும்போது எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று. அதனால் பொருளை வீட்டுக்கே கொடுத்தனுப்பும் பொட்டிக்கே பரவாயில்லை என்று ஆகிவிடுகிறது. மணிக்கு 39 ரூபாய் குறைவாக வாங்குவது அவருக்குக் கணக்குத் தெரியாததால் இல்லை. பாரிமுனைக்குப் போகும் நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால்.

ஆவடியில் 1961-லிருந்து ராணுவச் சீருடை தைக்கும் ஆடைத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கேயும் ஊசி, நூல்தான். ஆனால் மணி அடித்தால் வேலை முடிந்தது, பி.எஃப். உண்டு, விடுப்பு உண்டு, ஓய்வு பெறும் நாள் ஒன்று உண்டு. வீட்டில் தைப்பவருக்கு மணி அடிப்பது யார்? வேன் ஹாரன்தான்.

கல்யாண மாதமும் கோடை விடுமுறையும்

தொழிலில் இல்லாதவர்களுக்குத் தோன்றாத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. அப்போது ஆரிச் சட்டம் பீரோவுக்குப் பின்னால் தூங்கும். தை, வைகாசி, ஆவணி என்றால் மூச்சு விட நேரமில்லை. சித்திரை, வைகாசியில் ஆர்டர் குவியும்போது பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. அதாவது, வேலை அதிகமாக இருக்கும் நேரத்தில் எல்லாக் குழந்தைகளும் நாள் முழுக்க வீட்டில்.

ஜூனில் பள்ளி திறக்கிறது. ஃபீஸ் கட்ட வேண்டும். அந்த ஃபீஸுக்காகத்தான் மே மாதம் முழுக்கத் தைப்பது. தைக்கும்போது இரண்டும் காலைச் சுற்றும். ஆடி வந்து ஊசிக்கு வேலை இல்லாதபோது பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். இந்தக் கால அட்டவணையை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. நிச்சயமாக ஓர் அம்மா போட்டதில்லை.

சர்க்கரை மணி மூக்குக்குள்

ஆரி வேலையில் போடும் மிகச் சின்ன மணிக்கு 'சுகர் பீட்ஸ்' என்று பெயர். உண்மையாகவே சர்க்கரை மாதிரி இருக்கும். அதுதான் ஆபத்து.

என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் கொஞ்ச நாள் வளையல் செய்தேன். கட்டுரைக்கு முன்னால் கொஞ்சம் பசை கையில் பட்டவள்தான். மகளுக்கு அப்போது மூன்று வயது. போன் பேச அடுத்த அறைக்குப் போய்த் திரும்பினால், மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "பூ வச்சேன்மா" என்றாள். பச்சைக் கலரில் பட்டாணி அளவு மணி, வலது துளைக்குள். நான் செய்த முதல் காரியமே தப்பு. ஹேர்பின்னால் எடுக்கப் பார்த்தேன். இன்னும் உள்ளே போனது.

ஆட்டோவில் அம்பத்தூர் பக்கம் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓடினோம். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. குழந்தையை என் மடியில் படுக்க வைத்து, அடைபடாத மூக்குத் துளையை விரலால் மூடச் சொன்னார். முத்தம் கொடுப்பது மாதிரி அவள் வாயோடு என் வாயை வைத்து, டக்கென்று ஒரு முறை ஊதச் சொன்னார். இரண்டாவது ஊதலில் மணி என் கன்னத்தில் வந்து ஒட்டியது. மருத்துவ உலகில் இந்த முறைக்குப் பெயரே 'அம்மா முத்தம்'தானாம். (மருத்துவர் பக்கத்தில் இருந்து சொல்லாமல் வீட்டில் முயல வேண்டாம்.) அன்றிலிருந்து என் வளையல் தொழில் முடிந்தது. கீழ்வீட்டுப் பெண்ணுக்கு அப்படி முடித்துக்கொள்ளும் வசதி இல்லை.

பெட்டிச் செய்தி: குழந்தை இருக்கும் வீட்டில் கைவேலையா?
மணியும் கல்லும் மூடி திருகும் டப்பாவில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து வேலை செய்தால் பழைய வெள்ளைப் புடவையை விரித்துக்கொண்டால் சிதறியது தெரியும். எழுந்ததும் அப்படியே மடித்து உதறலாம். டிசைன் பதிக்க மண்ணெண்ணெயில் குழைக்கும் பவுடரைக் குழந்தை தூங்கும் அறையில் வைக்காதீர்கள். மண்ணெண்ணெயைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. மூக்கிலோ காதிலோ எதையாவது போட்டுக்கொண்டால் பின், பட்ஸ் எதையும் நுழைக்காமல் மருத்துவரிடம் போங்கள். அது பட்டன் பேட்டரி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உள்ளே சதையை அரித்துவிடும்.

ஒரு போன், இரண்டு பேர்

மணிக்கு அடுத்தபடி இந்த வீடுகளில் சண்டை வருவது போனால்தான். அம்மாவுக்கு அது கடை. முடிந்த பிளவுஸை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால்தான் அடுத்த ஆர்டர். புது டிசைன் கற்றுக்கொள்வதும் யூடியூபில்தான். பெரியவனுக்கு அது பொம்மைப்பட வீடு. வேலை நடக்க வேண்டுமானால் அவன் அடங்க வேண்டும். அவன் அடங்க வேண்டுமானால் போன் வேண்டும். போன் அவனிடம் இருந்தால் மேடத்தின் அழைப்பை அவன்தான் கட் செய்வான்.

ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. நல்ல அறிவுரை. கீழ்வீட்டில் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அந்த ஒரு மணி நேரத்தை ரெண்டு முறையா குடுத்துடறேன்க்கா" என்றார். குற்ற உணர்ச்சிக்கு அவர் ஏற்கெனவே ஆர்டர் எடுத்து வைத்திருக்கிறார். நாம் வேறு சேர்க்க வேண்டியதில்லை.

கை கற்றுக்கொள்கிறது

எல்லாமே புலம்பல் இல்லை. மே மாதம் ஒரு நாள் கீழே போனபோது பெரியவனும் சின்னதும் சட்டத்துக்கு அடியில் கூடாரம் போட்டிருந்தார்கள். மேலே அம்மா வேறொரு மயில் தைக்கிறார். கீழே அவன் துணிக்கு அடியில் ஓடும் நூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மேலே தெரிவது பூ. அடியில் தெரிவது வெறும் புள்ளிக் கோடு. "அம்மா, மயிலு கீழ இல்லவே இல்ல" என்று கண்டுபிடித்துச் சொன்னான். ஒரு கண்காட்சிக்கும் போகாமல் ஐந்து வயதில் ஒரு பிள்ளைக்கு இது தெரிவது சின்ன விஷயமில்லை.

அவனுக்கென்று ஒரு டப்பா. அதில் ஆர்டருக்கு உதவாத பெரிய மணிகள், வெட்டி மிஞ்சிய ஜரிகைத் துண்டுகள், பழைய கல்யாணப் பத்திரிகைகள். விநாயகர் சதுர்த்திக்கு அந்தப் பத்திரிகையை வெட்டி, துடைப்பக் குச்சியில் சுற்றி, பிள்ளையாருக்குக் குடை செய்தான். கொஞ்சம் சாய்ந்திருந்தது. எருக்கம்பூ மாலை போட்ட பிள்ளையார் அந்தச் சாய்ந்த குடைக்கு அடியில்தான் மூன்று நாளும் உட்கார்ந்திருந்தார். கடையில் வாங்கிய குடை பையிலேயே இருந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான கூத்து ஸ்கூல் ப்ராஜெக்ட். இரவு ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்படும். "நாளைக்குக் காலைல சோலார் சிஸ்டம் வேணுமாம்." இப்படி மற்றவர் பிள்ளைகளுக்கு தெர்மாகோல் கிரகங்களைச் செய்துகொடுத்து 250, 300 வாங்கும் அம்மாக்கள் இந்தப் பக்கம் உண்டு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. கேட்பவர்கள் கேட்கிறார்கள், செய்பவர் செய்கிறார். ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு சனிக் கோளின் வளையத்தை வெட்டத் தெரியாது என்பது தெரிந்தும் அதைக் கேட்டு, அம்மா வெட்டியதற்கு 'வெரி குட்' நட்சத்திரம் ஒட்டும் பள்ளிகளை என்ன சொல்வது? அந்த நட்சத்திரத்தை அம்மாவின் கையிலேயே ஒட்டிவிடலாம். கோணலாக இருந்தாலும் பிள்ளை செய்ததை மட்டும் வாங்கும் ஆசிரியைகள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் கும்பிடு.

அரசு கதவைத் தட்டினால்...

கைவேலைக்குக் கடனும் மானியமும் இல்லாமல் இல்லை. 2025 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையல், கூடை முடைதல் உள்ளிட்ட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன். 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம். ஆனால் குறைந்தபட்ச வயது 35 என்று வைத்தார்கள். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 வயதிலேயே பிள்ளைகளைக் குலத்தொழிலுக்குத் தள்ளிவிடும் என்ற எதிர்ப்பிலிருந்து பிறந்த நிபந்தனை அது. அந்த நியாயம் புரிகிறது. ஆனால் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு வயது 29. அவர் செய்வது குலத்தொழில் இல்லை, யூடியூபில் கற்றது. முப்பத்தைந்து ஆகும்போது சின்னதும் ஏழாவது வயதில் பள்ளியில் இருக்கும். கடன் அப்போது கிடைக்கும். மின்தையல் இயந்திரமும், பாரிமுனை போக ஆட்டோக் காசும் அவருக்கு இப்போது வேண்டும்.

சட்டப் புத்தகத்தில் அவருக்கு இடம் உண்டா? வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் தொழிலாளர்களே என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-வது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் அகமதாபாத்தில் 1972-ல் சேவா சங்கத்தைத் தொடங்கிய இலா பட் போன்றவர்களின் பல வருஷ உழைப்பு இருந்தது. அந்த உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் வீட்டிலிருந்து வேலை செய்யும் தொழிலாளி என்ற வரையறை இருக்கிறது. 2025 நவம்பர் 21-லிருந்து அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. வரையறைக்குள் வந்துவிட்டார். கூலி எவ்வளவு என்பதைப் பொட்டிக்தான் இன்னும் சொல்கிறது.

என்னைக் கேட்டால், கடனைவிட முன்னால் தர வேண்டியது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம். 2017 சட்டத் திருத்தத்தில் வந்த விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். ஒரே தெருவில் தனித்தனியாக உட்கார்ந்து கைவேலை செய்யும் ஏழு பேருக்கு அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. அங்கன்வாடி இருக்கிறது, இரண்டு வயது முடிந்தால் சேர்க்கலாம். ஒன்றரை வயதுத் தூளிக் காலை எங்கே விடுவது? அங்கன்வாடியோடு ஒட்டி, சின்னக் குழந்தைகளுக்கும் மாலை வரை ஓர் அறை திறந்தால், மகளிர் தொழிற்பேட்டைக்குப் போகத் தயாராக இருக்கும் கைகள் எங்கள் தெருவிலேயே நான்கு ஜோடி இருக்கின்றன.

பெட்டிச் செய்தி: பதிந்து வைத்தால் நல்லது
உத்யம் பதிவு: சிறு தொழில் செய்கிறோம் என்பதற்கான அரசுச் சான்று. ஆதார், பான் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் என்றால் அது அரசுடையது அல்ல.
நல வாரியம்: தையல் தொழிலாளர்களுக்கும் கைவினைத் தொழிலாளர்களுக்கும் தமிழக அரசின் தனித்தனி நல வாரியங்கள் உள்ளன. 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகளின் கல்வி, மகப்பேறு, திருமணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகையும் 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு.
முத்ரா கடன்: 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை, அடமானம் இல்லாமல்.
ஜிஎஸ்டி: உள்ளூரில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாத வரை பதிவு தேவையில்லை. கூலிக்குத் தைத்துக் கொடுப்பது சேவையில் வரும். அதற்கு வரம்பு 20 லட்சம். கீழ்வீட்டில் இதைப் படித்துக் காட்டியபோது வெகு நேரம் சிரித்தார்.

நூல் நுனி

மயில் முடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. கணவருக்கு நைட் ஷிஃப்ட். கடைசியாக மயிலின் கண்ணுக்கு ஒரே ஒரு கறுப்பு மணி. அதை மட்டும் பெரியவனை எழுப்பி வைத்து, அவன் கையால் எடுத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கித் தைத்தார். ஏன் என்று மறுநாள் கேட்டேன். "அவன் போன் கேக்காம இருந்த நாளுங்கள்லதான்கா இது முடிஞ்சது" என்றார்.

புதன்கிழமை பொட்டிக்கில் கொடுத்தபோது 1,800-ல் 200 பிடித்துக்கொண்டார்களாம். முகூர்த்தத்துக்கு நான்கு நாள்தான் இருக்கிறது, லேட் என்று. துணி அவர் கைக்கு வந்ததே பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான்.

இந்த வைகாசியில் உங்கள் வீட்டிலும் கல்யாணம் இருக்கலாம். ஆரி பிளவுஸ் கொடுப்பதாக இருந்தால் முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே கொடுங்கள். பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கொடுங்கள். முடிந்தால் உங்கள் தெருவில் தைப்பவரைத் தேடி நேராகவே போங்கள். மதியம் ஒன்றே முக்காலிலிருந்து மூன்று இருபது வரை மட்டும் காலிங் பெல்லை அழுத்தாதீர்கள்.